திருத்தங்களுக்கு அருகே கையொப்பம்

ஒவ்வொரு மே மாதக் கடைசியிலும்
விதித்தாளைப் புதிதாக டைப் அடிப்பது என் வேலை.
பம்ப்செட் கடைக்கு மேலே இரண்டாம் மாடி,
சத்துவாச்சாரி, சர்வீஸ் ரோடு ஓரம்.
மேசைக் காற்றாடி தாளைத் தூக்கும்.
ரசீதுப் புத்தகத்தை மேலே வைத்துக்கொண்டு அடிப்பேன்.

கட்டணம் ஐந்தாம் தேதிக்குள்.
வராத வகுப்புக்குப் பதில் வகுப்பு கிடையாது.
கொலுசு, வளையல், கழுத்துச் சங்கிலி கழற்றி வரவும்.
இது சேர்ந்தது
ருக்சானாவின் கொலுசு மெத்தைத் தையலில் மாட்டிய அன்று.
வெட்டித்தான் எடுத்தோம்.
குழந்தை அழவில்லை.
செய்கூலி யார் தருவது என்று அவள் அத்தை
மூன்று நாள் போன் செய்தார்.
காரணமெல்லாம் எழுதினால்
தாள் இரண்டு பக்கத்தைத் தாண்டும் என்கிறார் மாஸ்டர்.

பெற்றோர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அமரவும்.
கண்ணாடி வழியே சைகை காட்ட வேண்டாம்.
திருவலத்திலிருந்து வரும் பொன்னுரங்கம் சாருக்காக இது.
உள்ளே மகள் முதுகை வளைத்தால்
வெளியே இவரும் வளைத்துக் காட்டுவார்.
போன வருடம் பிடித்துக்கொண்டது.
மாடிப்படியில் நானும் பம்ப்செட் கடைப் பையனும்
ஆளுக்கொரு தோளாக இறக்கினோம்.

ஆறரைக்குப் பிறகு
பத்து நிமிடத்துக்கு ஐம்பது ரூபாய்.
‘கிரீன் சர்க்கிள் நெரிசல் ஒரு காரணமாக ஏற்கப்படாது’
என்று முதல் வருடம் இருந்தது.
மாஸ்டரே அங்கே முக்கால் மணி நேரம் நின்ற மறுநாள்
அந்த வரி போய்விட்டது.

ஒன்பதாவது:
படிவத்தில் பெயர் உள்ளவருடன் மட்டுமே
குழந்தை அனுப்பப்படும்.

நவம்பர். மழை விட்டு விட்டுப் பெய்த சாயங்காலம்.
நனைந்த சட்டையோடு ஒருவர் ஏறி வந்தார்.
கையில் மக்கன் பேடா டப்பா,
ஆற்காட்டில் இறங்கி வாங்கியது என்றார் நான் கேட்காமலே.
கண்ணாடிக்குள்ளிருந்து ஜெமிமா
‘அப்பா’ என்று ஓடிவந்து இடுப்பைக் கட்டினாள்.
பிடி வழுக்காமலிருக்கப் பூசிய பொடி
ஈரச் சட்டையில்
இரண்டு சின்னக் கைகளாக ஒட்டிக்கொண்டது.

படிவத்தை எடுத்தேன்.
ஹெலன் சுகந்தி, தாய்.
இம்மானுவேல், தாய்மாமன்.
மூன்றாம் வரி காலி.

‘அவ மூக்கைப் பாருங்க மேடம். என் மூக்கு.’
பார்த்தேன். அவர் மூக்குதான்.
‘பேர் இல்லீங்களே சார்.’
படிக்கும் அவருக்கும் நடுவில் நின்றேன்,
ஐந்தடி உயரத்தை வைத்துக்கொண்டு.
கத்துவார் என்று நினைத்தேன்.
குனிந்து மகளின் கையை விடுவித்தார்,
டப்பாவை மேசையில் வைத்தார்,
ஈரச் செருப்பை மாட்டினார்.
‘அவ அம்மா வர்ற வரைக்கும் கீழ நிக்கறேன்.’

ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாற்ற ஆள் வராமல்
ஹெலன் வந்தபோது ஏழேகால்.
கீழே யாரும் இல்லை.
கணக்குப்படி இருநூறு ரூபாய் ஆகும்.
நான் ரசீதுப் புத்தகத்தைத் திறக்கவில்லை.
ஜெமிமா சுவரில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்றபடி
மக்கன் பேடாவை விழுங்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
அரங்குக்குள் தின்பண்டம் கூடாது,
அது ஆறாவது.
டப்பாவைப் பார்த்த ஹெலன்
யார் தந்தது என்று கேட்கவில்லை.
மூடியை மட்டும் அழுத்தி மூடினாள்.

இது ஜூன்.
புதுப் படிவத்தை மேசையருகே நின்றே நிரப்பினாள்.
தன் பெயர். அண்ணன் பெயர்.
மூன்றாம் வரியில் ஒரு பெயர் எழுதி
அடித்தாள்.
உள்ளே ‘திரும்பு, திரும்பு’ என்று மாஸ்டர் குரல்,
மெத்தையில் தொப்பென்று யாரோ.
அடித்ததற்கு மேலேயே
அதே பெயரை, இன்னும் சிறிய எழுத்தில்.

‘திருத்தின இடத்துல கையெழுத்து வேணும் மேடம்.’
பதினோராவது விதி.
போட்டாள்.
உறவுமுறைக் கட்டம் காலியாகவே இருந்தது.
கேட்டிருக்க வேண்டும்.
பேனாவை வாங்கி மூடி வைத்தேன்.
அந்த மூக்கை நான் பார்த்திருக்கிறேன்.